தினமும் ஓடவும் படகு இழுக்கவும் பழைய டீசல் கப் வாகனம்: எதைப் பார்த்து வாங்குவது?

கிளிநொச்சியில் தினமும் வேலைக்குப் போய்வரவும், இடைக்கிடை றெயிலரில் படகை ஏற்றி முல்லைத்தீவுக்கு இழுக்கவும் பழைய டீசல் டபுள் கப் (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த தட்டும் உள்ள பிக்கப்) கேட்டிருக்கிறீர்கள்.

என் தெரிவு, 3.0 லீற்றர் 4ஜேஜே1 எஞ்சின் போட்ட இசுசு டி-மக்ஸ். குறைந்த சுற்றிலேயே இழுவை வரும். எஞ்சின் வால்வுகளை நேரம் பிசகாமல் இயக்கும் ரைமிங் பெல்ற்றுக்குப் பதில் செயின். டொயோட்டா ஹைலக்ஸின் 1கேடி எஞ்சினும் நல்லதுதான். ஆனால் அதில் பெல்ற். எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள். டீசலை எஞ்சினுக்குள் பீச்சும் இன்ஜெக்டர்களையும் கட்டாயம் சோதியுங்கள், மாற்ற வந்தால் செலவு பெரிது.

வாகனம் பார்க்க விடியவே, எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது போங்கள். சூடான எஞ்சினில் ஸ்டார்ட் ஆகும் சிக்கல் தெரியாது. முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஸ்டார்ட் செய்து சற்று ஓடவிட்டு ஒயில் மூடியைக் கழற்றுங்கள். புகை குப்குப்பென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

பிறகு கீழே படுத்து சேசிசை, அதாவது வாகனத்தின் அடிச்சட்டத்தைப் பாருங்கள். படகு இழுத்த வாகனத்தைக் கடல் உப்பு சும்மா விடாது, குறிப்பாகப் பின் ஸ்பிரிங் பூட்டும் இடத்தில். அங்கே புதுக் கறுப்புப் பெயின்ற் தெரிந்தால் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்னும், துரு தின்றது மந்தமாகக் கேட்கும்.

விலை பேச முன் உங்கள் றெயிலரையே கொழுவி ஓடிப் பாருங்கள். வன்னி றோட்டில் ஏற்றமே குறைவு, சுமை இல்லாமல் ஓடினால் கிளச் வழுக்குவது தெரியவே தெரியாது.