டார்ச் அடித்துப் பாருங்கள்: பல் சந்தேகங்களுக்குப் பதில்கள்

சேலத்தில் 24 ஆண்டுகளாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. பதிலை அவ்வப்போது இங்கே போட்டேன், அதைப் படித்துவிட்டு மறுபடி கேட்டவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் எழுத முடியாது. எக்ஸ்ரே பார்க்காமல் சொல்லக்கூடாதவற்றை விட்டுவிட்டேன்.

மகனுக்கு 7 வயது. கீழே கடைவாய்ப் பல்லில் சொத்தை. "பால் பல்தானே, விழுந்துவிடும்" என்கிறார் மாமியார். அடைக்க வேண்டுமா? (ஈரோடு, ஒரு அம்மா)

அது பால் பல்தானா என்பதை முதலில் பாருங்கள் அம்மா. பையனை வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். முன்பல் இரண்டு, மூன்றாவது கோரைப்பல், அப்புறம் நான்காவது, ஐந்தாவது. பால் பற்கள் அத்தோடு முடிந்தன. மேலே இரண்டு பக்கம், கீழே இரண்டு பக்கம், பக்கத்துக்கு ஐந்து வீதம் மொத்தம் 20. ஆறாவதாக ஒரு பெரிய பல் நின்றால் அது நிலைப் பல். சாகும்வரை இருக்க வேண்டிய பல்.

இந்தப் பல் ஆறு வயதில் வருகிறது. எந்தப் பல்லும் விழாமல், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைத்துவிடும். பல் விழுந்து முளைப்பதைத்தான் வீட்டில் கவனிப்பார்கள், இதை யாரும் கவனிப்பதில்லை. மேல்பரப்பு முழுக்கப் பள்ளமும் மேடுமாக இருக்கும். அந்தப் பள்ளம் பிரஷ் குச்சத்தின் ஒரு நாரைவிடக் குறுகல். பிஸ்கட் மாவு அதில் போய் அப்பிக்கொண்டால் தேய்த்தாலும் வராது. என்னிடம் வரும் பத்து வயதுப் பிள்ளைகளில் இந்தப் பல்லைத்தான் வேர்வரை சொத்தையாகப் பார்க்கிறேன். "பால் பல் என்று நினைத்தோம் டாக்டர்" என்று பெற்றவர்கள் சொல்லும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

பால் பல்லாகவே இருந்தாலும் அடைக்கத்தான் வேண்டும். பால் கடைவாய்ப் பற்கள் விழப் பத்து, பன்னிரண்டு வயதாகும். அதுவரை பிற்பாடு வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது அவைதான். முன்னாடியே பிடுங்கிவிட்டால் ஆறு வயதுப் பல் முன்னே சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அடுத்து வரும் பல் வரிசை தப்பி, தெத்துப் பல்லாக நிற்கும். பிறகு கிளிப் போட அலைய வேண்டும். மாமியாரிடமும் எண்ணிக் காட்டுங்கள்.

மகளுக்கு 8 வயது. மேல் முன்பற்கள் விசிறி மாதிரி விரிந்து நடுவில் சந்து. இப்போதே கிளிப் போட்டுவிடலாமா? (மதுரை)

பெரும்பாலும் வேண்டாம். மேலே கோரைப்பற்கள் எலும்புக்குள் இருந்து முன்பல்லின் வேரை அழுத்துவதால்தான் இப்படி விரிகிறது. 11, 12 வயதில் அவை இறங்கியதும் சந்து தானாக நெருங்கிவிடும். ஆனால் கீழ்ப் பற்கள் மேல் பற்களுக்கு முன்னால் வந்து கடித்தால் காத்திருக்காதீர்கள். நான்கு வயதுக்கு மேலும் விரல் சப்பினாலும் அப்படித்தான். கிளிப் நிபுணரிடம் 7 வயதில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. காட்டினால் உடனே கம்பி மாட்டிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம்.

எனக்கு 27. இந்த வயதில் கிளிப் போட்டால் பல் நகருமா? வீட்டுக்கே தபாலில் வரும் அலைனர் வாங்கலாமா? (கோவை, ஐடி வேலை)

நகரும் தம்பி. கம்பி மெதுவாகத் தள்ள, தள்ளும் பக்கம் எலும்பு கரைந்து, விட்டு வந்த பக்கம் புது எலும்பு வளரும். வேகம் மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். ஒன்றரை, இரண்டு வருஷம் ஆவது அதனால்தான். 50 வயதிலும் இது நடக்கும், ஈறும் எலும்பும் நலமாக இருந்தால் போதும். முதலில் ஈறைப் பாருங்கள்.

அலைனர், அதாவது பல்மேல் மாட்டிக் கழற்றும் நிறமில்லாத உறை, நல்ல பொருள்தான். நாளுக்கு 20, 22 மணி நேரம் மாட்ட வேண்டும், சாப்பிட மட்டும் கழற்றலாம். ஆனால் நீங்களே வாயில் மாவு வைத்து அச்செடுத்து, எக்ஸ்ரே இல்லாமல், யாரும் நேரில் பார்க்காமல் அனுப்பித் தருவதை வாங்காதீர்கள். எலும்பு தேய்ந்திருக்கும் பல்லை நகர்த்தினால் பல்லே போய்விடும்.

கம்பி கழற்றிய பிறகு, பல்லைப் புது இடத்திலேயே நிறுத்தத் தரும் ரிடெய்னரை மாட்டாமல் விட்டால் பல் பழைய இடத்துக்குத் திரும்பும். சம்பளத்தைச் சேர்த்துவைத்துக் கிளிப் போட்டு, ரிடெய்னரை டிராயரில் போட்டுவிட்டு மூன்று வருஷம் கழித்து வருபவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து மாட்டுங்கள்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகுமா? (திருநெல்வேலி)

போகாது. பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. பல் பிடுங்கும் வயதும் வெள்ளெழுத்து வரும் வயதும் நாற்பதை ஒட்டி ஒன்றாக வருகின்றன. பழி பல்மேல் விழுகிறது.

எனக்கு 22 வயது. பாலக்கோடு பக்கம். முன்பற்களில் பழுப்புப் பட்டை. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பற்றித் தனியாகப் பேசியதைக் கேட்டுவிட்டேன். வாய் மூடியே சிரிக்கிறேன்.

இது உங்கள் குற்றம் இல்லை அம்மா, சுத்தக் குறைவும் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிப் பாறைகளில் ஃபுளோரைடு என்ற தாது உப்பு அதிகம். ஆழ்துளைக் கிணற்று நீரில் அது கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய நீரை எட்டு வயதுக்குள் குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் எனாமலில், அதாவது பல்லின் கடினமான வெளி ஓட்டில், கறை பதிகிறது. உள்ளே இருக்கும் கறையைத் தேய்த்து எடுக்க முடியாது. செங்கல் தூள், எலுமிச்சை, சோடா மாவு எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள்.

வழி இருக்கிறது. லேசான கறையை மேலோட்டமாகச் சுரண்டி மெருகேற்றும் மைக்ரோ அப்ரேஷன் முறையிலேயே நிறைய குறைக்கலாம். ஆழமானால் பல் நிறப் பசையை மேலே பூசலாம், அதற்கும் அடங்காவிட்டால் பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடான வினியர். எடுத்த எடுப்பில் ஆறு பல்லையும் ராவிக் கேப் போடலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் காட்டலாம்.

ஃபுளோரைடுதான் எங்கள் பிள்ளைகள் பல்லைக் கெடுத்தது என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்புறம் ஃபுளோரைடு பேஸ்ட் விற்பது ஏன்? விஷத்தைப் பணம் கொடுத்து வாங்கச் சொல்கிறீர்களா? (பென்னாகரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, நியாயமான கோபம். முழுசாகப் பதில் சொல்கிறேன்.

1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு வேலைக்குப் போன ஃபிரடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பல்லைப் போலவே பழுப்புப் பல்லைப் பார்த்தார். காரணம் குடிநீரில் உள்ள ஃபுளோரைடு என்று தெரிய 30 வருஷம் ஆனது. அதற்குள் அவர் இன்னொன்றையும் கவனித்திருந்தார். அந்தப் பழுப்புப் பற்களில் சொத்தை குறைவு. ஒரே பொருள்தான், அளவும் போகும் வழியும் வேறு. வயிற்றுக்குள் போய், வளரும் பல்லைத் தொட்டால் கறை. முளைத்த பல்லின் மேல்பரப்பில் பட்டுத் துப்பப்பட்டால், அமிலத்தில் கரைந்த எனாமலைத் திரும்ப இறுக்குகிறது. முளைத்து முடிந்த பல்லில் பேஸ்ட்டால் இந்தக் கறை வராது.

குழந்தைகள் விழுங்குவார்கள் என்பதுதான் உண்மையான ஆபத்து. மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, ஆறு வரை பட்டாணி அளவு. பெரியவர்களே போட்டுக் கொடுத்து, துப்பும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும். விளம்பரத்தில் வருவதுபோல் பிரஷ் நீளத்துக்கும் பிதுக்கக்கூடாது. உங்கள் பகுதியில் பிள்ளைகளுக்கு எந்தப் பேஸ்ட் என்பதைத் தண்ணீர் பரிசோதனை பார்த்து மருத்துவரிடம் முடிவு செய்யுங்கள்.

தண்ணீரைக் காய்ச்சினால் போதாதா? (அதே ஊர், இன்னொருவர்)

போதாது. நீர் ஆவியாகும், ஃபுளோரைடு தங்கும். இன்னும் செறிவு கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் கிடைக்கும் இடத்தில் குடிக்க, சமைக்க அதை மட்டும் பிடித்து வையுங்கள். கிடைக்காத ஊரில் ஆர்.ஓ. வடிகட்டி எடுத்துவிடும்.

எங்கள் தாத்தா வேப்பங்குச்சி, கரித்தூள் தவிர எதையும் வாயில் வைத்ததில்லை. 80 வயதில் கரும்பு கடித்தார். உங்கள் பேஸ்ட் வந்த பிறகுதான் சொத்தையே வந்தது. (தஞ்சாவூர்)

தாத்தா சாக்லேட்டும் கிரீம் பிஸ்கட்டும் தின்றிருக்க மாட்டார். அவர் பல்லைக் காத்ததில் பாதி அதுதான். கருப்பட்டி தின்றாலும் சாப்பாட்டோடு தின்றார், இன்றைய பிள்ளைகள் மணிக்கு ஒருமுறை தின்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் வாயில் அமிலம் இருக்கும். சொத்தை வருவது இந்த எண்ணிக்கையால்.

வேப்பங்குச்சியை நன்றாக மென்று நாராக்கி மெதுவாகத் தேய்த்தால் குறையில்லை. கரித்தூளும் உப்பும் அப்படி இல்லை. ஈறோரத்தில் பல் அரிவாளால் வெட்டியதுபோல் பள்ளமாகி, குளிர்ந்த நீர் பட்டால் துடித்துப்போய் வரும் பெரியவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. இதே வாதத்தை வைத்து ஏழெட்டுப் பேர் எழுதியிருக்கிறீர்கள், அனைவருக்கும் இதுதான் பதில்.

மேல் கடைவாய்ப் பல் எடுத்தால் கண்ணுக்கு ஆபத்தா? (மூன்று பேர்)

இல்லை. மேலே எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

பல் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்கிறார்களே?

பல்லைச் சுற்றிச் சிமெண்ட் போல இறுகிய காரை, ஈறையும் எலும்பையும் ஏற்கனவே தின்றிருக்கும். அந்தக் காரைதான் பல்லைப் பிடித்து நிறுத்தியிருக்கும். எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது. எடுக்காமல் விட்டால் பல்லோடு விழும்.

பள்ளியில் பையன் விழுந்து முன்பல் வேரோடு வந்துவிட்டது என்றால் என்ன செய்வது? (ஆசிரியை, நாமக்கல்)

இதைக் கேட்டதற்கு நன்றி டீச்சர். ஒருமுறை ஒன்பது வயதுப் பையனைக் கூட்டிவந்தார்கள். பல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, டிஷ்யூ பேப்பரில் சுற்றி, இரண்டு மணி நேரம் கழித்து. பளபளவென்று வெள்ளையாக இருந்தது. வேர்மேல் இருந்த உயிருள்ள மெல்லிய சவ்வு முழுக்கப் போயிருந்தது. வைத்துக் கட்டினேன், நிலைக்கவில்லை.

பல்லின் வெள்ளைப் பகுதியைப் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள். மண் இருந்தால் பத்து விநாடி பாலிலோ குழாய் நீரிலோ அலசுங்கள், தேய்க்க வேண்டாம். முடிந்தால் அந்தக் குழியிலேயே திரும்ப வைத்துக் கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் டம்ளர் பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள் கொண்டுபோங்கள். வெறும் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். பால் பல்லாக இருந்தால் திரும்ப வைக்கக்கூடாது, கீழே வளரும் பல்லைக் கெடுக்கும்.

எனக்கு ஐந்தாம் மாதம். ஈறில் ரத்தம் வருகிறது.

நான்கு முதல் ஆறு மாதம் வரை பல் பார்க்க வசதியான காலம். பயமில்லாமல் போய்ச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். மாத்திரை எழுதும் முன் கர்ப்பத்தைச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. பல் எடுக்க ரத்த இளக்கி மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. இதய மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கி வாருங்கள்.

கணவர் பாக்கு போடுவார். இப்போது காரம் பட்டால் எரிகிறது, வாய் முன்போல் திறப்பதில்லை.

இன்றே பாக்கை நிறுத்தச் சொல்லி, இந்த வாரமே வாய் அறுவை நிபுணரிடம் கூட்டிப் போங்கள். மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வாய் இறுகியிருக்கிறது, பாக்கால் வரும் இந்த இறுக்கம் புற்றுநோய்க்கு முந்தைய நிலை. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் எதுவானாலும் காட்ட வேண்டும்.

எந்தப் பேஸ்ட் நல்லது? (கேட்டவர்களை எண்ணவில்லை)

ஃபுளோரைடு உள்ள ஏதோ ஒன்று. ராத்திரி படுக்கும் முன் இரண்டு நிமிஷம் தேய்க்கிறீர்களா என்பதுதான் என் கேள்வி.

அம்மாவுக்கு 74. பல் செட் கீழ்ப்பக்கம் குத்துகிறது. பிளேடால் சுரண்டிவிடலாமா?

வேண்டாம். செய்தவரிடமே கொடுத்தால் பத்து நிமிஷத்தில் ராவித் தருவார். இரவில் கழற்றிக் குளிர்ந்த நீரில் போடச் சொல்லுங்கள். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும்.

டாக்டர், முதல் கேள்வி கேட்ட ஈரோடு அம்மாதான். டார்ச் அடித்து எண்ணினேன். ஆறாவது பல் இருக்கிறது. சொத்தை ஐந்தாவதில். ஆனால் ஆறாவதின் பள்ளத்திலும் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிகிறது.

சரியான நேரத்தில் பார்த்திருக்கிறீர்கள். ஐந்தாவதை அடைத்துவிடட்டும். ஆறாவதில் புள்ளி வெறும் கறையா சொத்தையா என்று மருத்துவர் பார்ப்பார். கறைதான் என்றால் பள்ளத்தை மட்டும் மூடி சீலன்ட் போடுவார். ஊசி இல்லை, வலி இல்லை. மற்ற மூன்று பக்கத்திலும் இதே பல் இருக்கும், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் போங்கள்.