கூரைக்கு முன்னால் நிலம்

ஐயா, மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளராக இருக்கிறேன். அரசாங்கத்திடம் பகுதி உதவி மட்டும் பெறும் பள்ளி. மாணவர்கள் 41 பேர். மண்டபக் கூரை ஒழுகுகிறது. விருந்து வைத்துப் பணம் திரட்டலாம் என்கிறார்கள் சிலர். ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம்தான் இவ்வளவு செய்கிறதே, இன்னும் கையேந்த வேண்டுமா என்று சங்கக் கூட்டத்தில் வேறு சிலர் கேட்டபோது நான் பேசாமல் இருந்துவிட்டேன். தங்கள் கருத்து என்ன?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் நான் பிறந்த தோட்டத்துக்குப் போய் வந்தேன். பள்ளி இருந்த மேட்டில் இப்போது செம்பனை நிற்கிறது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

விருந்து வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம். ஆனால் 'கையேந்துவது' என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது நீங்கள் வாய்மூடி உட்கார்ந்திருந்தது தவறு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. தொழிலாளர்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகையின் ஓரத்தில் ஒரு தடுப்பைக் கட்டி, எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியை வாத்தியாராக்கி, அந்தச் சட்டத்துக்குக் கணக்குக் காட்டிய துரைமார் பலர். பால்மரம் வெட்டியவர்களுக்கு அன்று தரவேண்டியதில் பாக்கி நின்றதைத்தான் இன்று கேட்கிறோம்.

அரசாங்கம் செய்வதும் உண்மைதான். பாடநூல் இரவல் திட்டம் 2008 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. வசதி குறைந்தவர்களுக்குத் துணை உணவுத் திட்டம் இருக்கிறது. ஆசிரியர் சம்பளமும் அரசாங்கத்துடையது. இவை பிள்ளையைத் தேடி வரும் உதவிகள். பிள்ளை உட்காரும் கட்டடத்துக்கு வரும்போதுதான் 'பகுதி உதவி' என்ற சொல் குறுக்கே நிற்கிறது. நிலம் அரசாங்கத்துடையதாக இல்லாதவரை, கட்டடச் செலவில் முழு உதவிப் பள்ளிக்கு ஒரு கணக்கு, நமக்கு ஒரு கணக்கு.

நான் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, சம்பள நாளன்று தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியின் மேசைக்குப் பக்கத்தில் பிஸ்கட் டின்னோடு என்னை நிறுத்துவார் தலைமையாசிரியர். டின்னின் மூடியில் உளியால் வெட்டிய வாய் விரலைக் கிழித்ததால், அம்மா அதன் விளிம்பில் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டிக் கொடுத்தார். பால்கறை ஏறிய விரல்களால் நோட்டை நாலாக மடித்து உள்ளே தள்ளுவார்கள். அம்மா மட்டும் எல்லோரும் போன பிறகே வந்து தம்முடைய ஒரு வெள்ளியைப் போடுவார். அப்படி இரண்டு ஆண்டுகள் சேர்த்த பணத்தில் நான்கு வகுப்பறைகளுக்குத் தகரக் கூரை வந்தது. பின்னர் தோட்டம் கைமாறியது. வாங்கிய நிறுவனம் பள்ளியைக் காலி செய்யச் சொன்னபோது, அந்தக் கூரை எங்கள் காசு என்று காட்ட எங்களிடம் அந்த டின்னைத் தவிர வேறொன்றும் இல்லை. தகரங்களைக் கழற்றி உரக் கொட்டகைக்குப் போட்டுக்கொண்டார்கள்.

நீங்கள் கூரையைக் கேட்டீர்கள், நான் நிலத்தைப் பேசுகிறேன் என்று தோன்றும். சுதந்திரம் பெற்ற 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530ஐ எட்டவில்லை. மூடப்பட்டவற்றில் எத்தனை பள்ளிகளுக்கு நம்மவர் வண்ணம் பூசியிருப்பார்கள், மேசை நாற்காலி வாங்கித் தந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் உங்கள் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் இதைப் புரிந்துகொண்டுதான், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் காசிலேயே தோட்டங்களை வாங்கினார். அவர் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு, யார் நிலம் என்று பார்க்காமல் கூரை போடப் புறப்படுகிறீர்களே தம்பி!

முதலில் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று எடுங்கள். தோட்டத்தின் பெயரில் இருந்தால், பள்ளி நிலத்தைப் பிரித்துத் தரச்சொல்லி நிறுவனத்துக்கும் கல்வி இலாகாவுக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். பள்ளி வாரியத்தின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். இழுத்தடிப்பார்கள், அதுவரை ஒழுகும் இடத்தில் வாளியை வைத்துப் பிள்ளைகளைத் தள்ளி உட்கார வையுங்கள். பட்டா நகல் கைக்கு வந்ததும் எனக்கு ஒன்று அனுப்பிவிட்டு, விருந்தில் ஒரு மேசையை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.