விருதுக்கு முன் காப்புரிமை

கேள்வி: பெருமூளை வாதம் உள்ள குழந்தைகள் நிமிர்ந்து உட்கார ஒரு நாற்காலி வடிவமைத்து, இரண்டு ஆண்டுகளாக ஆய்வு செய்துவருகிறேன். தேசிய விருதுக்கு விண்ணப்பிக்கலாமா?
– பிசியோதெரபிஸ்ட், கே.கே. நகர், சென்னை

பதில்: தாராளமாக! டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டி வழங்கப்படும் தேசிய விருதுகளில் ஆராய்ச்சிக்கும் புதிய கருவிகளுக்கும் இடமுண்டு. மத்திய அரசின் ராஷ்ட்ரிய புரஸ்கார் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

பலர் சறுக்குவது எழுத்தில்தான். ‘குழந்தைகள் பெரிதும் பயனடைந்தனர்’ என்ற வரி நடுவர்களுக்கு எதையும் சொல்லாது. எத்தனை குழந்தைகள், குழந்தையின் இயக்கத் திறனை வகைப்படுத்தும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். அளவுகோலின் ஐந்து நிலைகளில் எந்த நிலை, சாயாமல் உட்கார்ந்தது முன்பு எத்தனை நிமிடம், மூன்று மாதம் கழித்து எத்தனை என்று எழுதுங்கள். இடுப்புப் பட்டை எலும்பு மேட்டில் அழுத்தி, அரை மணி நேரமாகியும் மறையாத சிவப்புத் தடம் விழுந்ததா? அதையும், பட்டையை மாற்றிச் சரிசெய்ததையும் மறைக்காமல் சேருங்கள். குறையைச் சொல்லும் ஆய்வைத்தான் நம்பத் தோன்றும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தையும் இணையுங்கள். ஆய்வு தொடங்கும் முன்பே வாங்கியிருக்க வேண்டியது அது.

எல்லாவற்றையும்விட அவசரமானது காப்புரிமை. அதற்கு விண்ணப்பிக்கும் முன் வடிவமைப்பை ஆய்விதழில் வெளியிட்டால், ‘புதியது’ என்ற தகுதியே பொதுவாகப் போய்விடும். கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். முழு விவரம் தர 12 மாதம் அவகாசம் கிடைக்கும்.