வீட்டுச் சுவரில் ஏறும் நாயுண்ணி: கால்நடை மருத்துவர் பதில்கள்

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பகுதி உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் பற்றியவையே. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருப்பதால், சில கடிதங்களை மட்டும் தேர்ந்து விரிவாகப் பதில் தருகிறேன்.

கேள்வி: பாபநாசத்திற்கு அருகே ஓட்டு வீட்டில் வசிக்கிறோம். ஒரு நாட்டு நாய், ஒரு பூனை, கொல்லையில் இரண்டு பசுக்கள் இருக்கின்றன. நாயின் மேலிருந்து வாரம் இருமுறை உண்ணி பொறுக்குகிறோம்; இருந்தும் இப்போது படுக்கையறைச் சுவரிலேயே ஏறுகின்றன. மாட்டிடமிருந்துதான் வருகின்றன என்று என் கணவர் மாடுகளுக்கு மருந்தடித்தும் பயனில்லை. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து மீதம் இருக்கிறது, அதைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டிவிடலாம் என்கிறார் என் மாமனார். செய்யலாமா? — ஒரு வாசகி

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. பயிருக்கு அடிக்கும் மருந்து இலையில் ஒட்டி நிற்பதற்கென்று தயாரிக்கப்பட்டது. அது நாயின் தோல் வழியாகவும் உள்ளே இறங்கும், நாய் தன் உடலை நக்கும்போது வாய் வழியாகவும் போகும். நெல் வயலில் பயன்படும் மருந்துகளில் சில நரம்பு மண்டலத்தையே தாக்குபவை. வாயில் நுரை தள்ளி, தசைகள் துடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ‘குளிப்பாட்டினோம், அவ்வளவுதான்’ என்ற விளக்கத்தோடு சம்பா நடவு முடிந்த வாரங்களில் என்னிடம் கொண்டுவரப்படும் நாய்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். எல்லாவற்றையும் காப்பாற்ற முடிவதில்லை. உங்கள் பரணில் பழைய டைகுளோர்வாஸ் புட்டி ஏதேனும் இருந்தால் அதை எதற்கும் எடுக்காதீர்கள். 2020 முடிவோடு இந்தியாவில் அதன் பயன்பாடே தடை செய்யப்பட்டுவிட்டது.

இனி மாட்டின் மேல் விழுந்த பழிக்கு வருவோம். மாட்டுண்ணி வேறு, நாயுண்ணி வேறு. மாட்டுண்ணி குஞ்சாக ஒரு மாட்டின் மேல் ஏறினால், ஏறத்தாழ மூன்று வாரம் அந்த மாட்டிலேயே வளர்ந்து, ரத்தம் குடித்துப் பருத்தபின் தரையில் விழுந்து முட்டையிடும். நாயுண்ணியோ குஞ்சு, இளம் உண்ணி, முதிர்ந்த உண்ணி என்ற மூன்று பருவங்களிலும் ஒவ்வொரு முறையும் நாயின் மேல் ஏறி ரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். இறங்கியது தரையில் தங்குவதில்லை, மேல்நோக்கி ஏறும். சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதை அளவுக்கு உப்பிய பெண் உண்ணி ஒன்று உங்கள் சுவரில் ஊர்வதைக் கண்டால், அது உங்களைக் கடிக்க வரவில்லை, முட்டையிட இடம் தேடிப் போகிறது என்று கொள்ளுங்கள். உத்திரத்தின் இடுக்கு, கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள பிளவு, காரை பெயர்ந்த மூலை, திண்ணைத் தூணின் அடி ஆகியவை அதற்குப் போதும். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை ஒரே குவியலாக இட்டுவிட்டு இறந்துபோகும். நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரையிலான சுற்று இரண்டு மூன்று மாதங்களில் முடிந்துவிடக்கூடும்; ரத்தம் கிடைக்காவிட்டாலும் முதிர்ந்த உண்ணி பல மாதங்கள் பட்டினி கிடந்து காத்திருக்கும். எனவே நாயின் மேல் நீங்கள் பொறுக்குவது விளைச்சலை மட்டுமே. விதை முழுவதும் சுவரில் கிடக்கிறது.

ஆகவே நாய்க்கும் வீட்டுக்கும் ஒரே வாரத்தில் மருத்துவம் தொடங்க வேண்டும். வீட்டைப் பொறுத்தவரை நான் முதலில் பரிந்துரைப்பது பூச்சிமருந்தை அல்ல, கொத்தனாரை. நாய் படுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள சுவர் விரிசல்களைச் சிமெண்ட் பூசி அடையுங்கள். கொட்டகைச் சுவருக்குப் பொங்கலுக்கு அடிக்கும் சுண்ணாம்பை இப்போதே கெட்டியாக, இடுக்குகளில் இறங்கும்படி அடியுங்கள். நாய் படுக்கும் சாக்கைத் துவைக்க முயலாமல் எரித்துவிட்டு, வாரந்தோறும் கொதிநீரில் அலசக்கூடிய பழைய வேட்டியைப் போடுங்கள். அதன்பிறகும் சுவருக்கு மருந்து தெளிக்க வேண்டுமென்றால், வீட்டுப் பயன்பாட்டுக்கென அனுமதிக்கப்பட்ட மருந்தை இடுக்குகளில் மட்டும் தெளித்து, அது முற்றிலும் உலரும்வரை குழந்தைகளையும் விலங்குகளையும், குறிப்பாகப் பூனையை, வெளியே வைத்திருங்கள். தெளிப்பானைக் கழுவிய நீரை வாய்க்காலிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். இவ்வகை மருந்துகளில் பல மீன்களுக்குக் கொடிய நஞ்சு.

நாய்க்கு இன்று மூன்று வகை மருந்துகள் பரவலாகக் கிடைக்கின்றன. ஃபுளூராலனெர், அஃபாக்சோலனெர் போன்ற மெல்லும் மாத்திரைகள் மருந்துக்கேற்ப ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை வேலை செய்யும். நாய்க்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கழுத்துப் பின்புறத் தோலில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து மற்றொன்று. அதை இடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் நாயைக் குளிப்பாட்டக் கூடாது. மூன்றாவது, மாட்டுக்கும் பயன்படுத்துகிறோமே, அந்த அமிட்ராஸ் கரைசல். விலை குறைவு என்பதால் கிராமங்களில் இதுவே அதிகம் புழங்குகிறது, தவறும் இதில்தான் அதிகம் நேர்கிறது. 12.5 விழுக்காடு மருந்தை ஒரு லிட்டர் நீருக்கு 2 மில்லி என்று குறித்துக் கொடுத்தால், வீட்டில் அதைப் புட்டி மூடியால் அளக்கிறார்கள். ஒரு மூடியில் எத்தனை மில்லி பிடிக்கும் என்று கேட்டால் பதில் இல்லை. ஊசி போடும் சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள், கையுறை அணியுங்கள், திறந்தவெளியில் செய்யுங்கள், உடல் காயும்வரை நாயை நக்கவிடாதீர்கள். எந்த மருந்தானாலும், சுவரிலிருக்கும் முட்டைகள் பின்னர் பொரிக்கும் என்பதால், ஒரு தவணையோடு நிறுத்தாமல் சில மாதங்கள் தொடர வேண்டும்.

பூனையைப் பற்றித் தனியே எழுதியே ஆக வேண்டும். நாய்க்கான சொட்டு மருந்து, ஷாம்பு, பவுடர் ஆகியவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் உள்ளது. அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஆகவே நாயைச் சற்றும் பாதிக்காத அளவே பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரவழைத்து உயிரைப் பறித்துவிடும். அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது. நாயும் பூனையும் ஒன்றையொன்று ஒட்டி உறங்கும் வீடு என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லி, பூனைக்கும் ஆபத்தில்லாத மருந்தையே நாய்க்கும் கேட்டு வாங்குங்கள். ‘சின்ன நாய்க்குப் போடுவதில் பாதி’ என்று கடையில் யாரோ சொன்னதை நம்பி வாங்கிப் போட்ட ஒரு பூனையை நள்ளிரவில் என் மேசைமேல் கிடத்தியது இன்னும் நினைவில் இருக்கிறது. காது மடல்கள் விடாமல் துடித்துக்கொண்டிருந்தன. நான்கு நாள் போராடிப் பிழைத்தது. எல்லாப் பூனைக்கும் அந்த வாய்ப்பு அமையாது.

நாய் சோர்ந்து உணவை மறுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வடிந்தாலோ, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ, உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபேசியா போன்ற காய்ச்சல்களை ஐயப்பட வேண்டும். ரத்தப் பரிசோதனையில் கண்டறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். தஞ்சை மாவட்டத்தார் ஒரத்தநாட்டிலுள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் போகலாம்.

கேள்வி: இரண்டு மாதம் மகள் வீட்டில் தங்கிவிட்டு நாகப்பட்டினம் திரும்பினோம். எங்களிடம் இப்போது நாயும் இல்லை, பூனையும் இல்லை. கதவைத் திறந்து உள்ளே நுழைந்த சில நிமிடங்களில் கணுக்காலெல்லாம் ஏதோ துள்ளித் துள்ளிக் கடித்தது. பூட்டிய வீட்டில் இது எப்படி வந்தது? — ஒரு வாசகர்

பதில்: தெள்ளுப்பூச்சிகள் நீங்கள் ஊருக்குப் போகும் முன்பே வந்துவிட்டன, திண்ணையிலோ மாடியிலோ குட்டி போட்ட தெருப்பூனை ஏதேனும் இருந்திருக்கும். தெள்ளு விலங்கின் மேல் முட்டையிட்டாலும் முட்டை ஒட்டாமல் உதிர்ந்துவிடும். பொரித்து வரும் புழு, தூசியில் மறைந்து வளர்ந்து, மணல் துகள் ஒட்டிய கூட்டுக்குள் சுருண்டுகொள்ளும். அந்தக் கூட்டுக்குள் மருந்து எளிதில் நுழையாது. உள்ளே முதிர்ந்த பூச்சி மாதக்கணக்கில் அசையாமல் இருந்து, காலடி அதிர்வும், உடற்சூடும், நாம் விடும் மூச்சும் எட்டியவுடன் வெளிப்படும். நீங்கள் கதவைத் திறந்தபோது நடந்தது அதுவே.

அதனால் முதல் நாளே மருந்தை வாரி இறைப்பதில் பொருளில்லை. வாக்குவம் கிளீனர் கிடைத்தால் இரண்டு வாரம் நாள்தோறும் கட்டிலடி, சோபா மடிப்பு, பாய் சுருட்டிய மூலை ஆகியவற்றை உறிஞ்சி, பையைக் கட்டி வெளியே எறியுங்கள்; அதன் அதிர்வே கூட்டுக்குள் இருப்பவற்றை வெளியே வரவழைத்துவிடும். மெத்தை, பாய், தலையணைகளை நல்ல வெயிலில் போடுங்கள், ஏனெனில் தெள்ளின் புழு ஈரப்பதம் இல்லாமல் பிழைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் கடலோர ஊர்களில் இது பெருகுவதற்கு அந்த ஈரமே காரணம். இத்தனைக்குப் பிறகும் அடங்காவிட்டால், பூச்சியை முதிரவிடாமல் தடுக்கும் பைரிபிராக்சிஃபென் கலந்த தெளிப்பைக் கேளுங்கள்.

இனி ஒரு விலங்கை வளர்க்க எண்ணினால், அதன் முடியைச் சீப்பால் வாரி, உதிரும் கருந்துகளை நனைத்த வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை பரவினால் அது மண் அல்ல, தெள்ளின் கழிவாக வந்த ரத்தம்.

கேள்வி: என் பேரன் காதுக்குப் பின்னால் உண்ணி கடித்துக்கொண்டிருந்தது. ஊதுபத்தியால் சுட்டால் விட்டுவிடும் என்றார்கள். சரியா? — ஒரு பாட்டி, மன்னார்குடி

பதில்: சுடாதீர்கள் அம்மா, மண்ணெண்ணெயும் தடவாதீர்கள். இரண்டுமே உண்ணி தன் எச்சிலைக் காயத்துக்குள் கக்கச் செய்துவிடக்கூடும். நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தெடுத்து, சோப்பால் கழுவினால் போதும். விரலால் நசுக்க வேண்டாம், ஸ்பிரிட் ஊற்றிய புட்டியில் போட்டு மூடுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால், உண்ணி கடித்த செய்தியை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

கேள்வி: வேப்பிலைப் புகை, கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய், அந்துருண்டை — இவற்றில் எது பாதுகாப்பானது? — ஒரு வாசகர், திருவையாறு

பதில்: வேப்பிலைப் புகை கொசுவைச் சற்று விலக்கலாம், ஆனால் விரிசலுக்குள் இருக்கும் உண்ணியை எட்டாது. கற்பூரமும் அந்துருண்டையும் நாய், பூனை இரண்டுக்குமே நஞ்சு.

கேள்வி: ஐந்து வாரக் குட்டிகள் நான்கு, உடலெங்கும் தெள்ளு. எந்த மருந்து போடலாம்? — ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: பெரும்பாலான மருந்துகள் எட்டு வாரம் நிறையாத குட்டிக்கு உரியவை அல்ல. பல் நெருங்கிய பேன் சீப்பால் நாள்தோறும் வாரி, சிக்குவனவற்றைச் சோப்பு நீரில் முக்குங்கள். மிதமான வெந்நீரில் குழந்தை சோப்பு போட்டுக் குளிப்பாட்டி உடனே துவட்டுங்கள். பாலூட்டும் தாய்க்குத் தரக்கூடிய மருந்தை மருத்துவரிடம் கேட்டு அதற்குக் கொடுங்கள். ஒவ்வொரு குட்டியின் உதட்டையும் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பு மாறி வெளுத்திருந்தால், தெள்ளு குடித்த ரத்தம் அந்தச் சிற்றுடலுக்குத் தாங்காத அளவை எட்டிவிட்டது; அந்தக் குட்டியை அன்றே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.