கன்சென்ட் உங்களுக்கு, அசென்ட் மகனுக்கு

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. அவனுக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனையில் ஒரு மருத்துவ ஆய்வில் அவனைச் சேர்க்கக் கேட்கிறார்கள். எனக்குக் 'கன்சென்ட்' படிவம், அவனுக்கு 'அசென்ட்' படிவம். இரண்டும் சம்மதம்தானே? நான் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாதா?

பதில்: போதாது. அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் சம்மதம், இசைவு என்றுதான் இருக்கும். ஆய்வுப் படிவத்தில் அப்படி இல்லை.

கன்சென்ட் என்பது, முடிவெடுக்கச் சட்டப்படி உரிமை உள்ளவர் விவரம் தெரிந்து தரும் அனுமதி. 18 வயது நிறையாத உங்கள் மகனுக்கு அந்த உரிமை இல்லை என்பதால் உங்களிடம் கேட்கிறார்கள். ஆனால் ஊசி குத்தப்போவது அவன் கையில். அதனால் அவன் வாயாலும் 'சரி' வர வேண்டும், அதுதான் அசென்ட். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாகச் சொன்னால் போதும். 12க்கு மேல் 18 வரை எழுத்தில் வேண்டும். அதற்காகத்தான் அந்த இரண்டாவது படிவம்.

இதை வைத்து அசென்ட் என்றாலே பலம் குறைந்த சொல் என்று நினைத்துவிட வேண்டாம். அரசியல் சாசனத்தின் 200ஆம் பிரிவில், சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஆளுநர் தரும் ஒப்புதலும் அசென்ட்தான். வேறொருவர் எடுத்துவந்து முன்னால் வைத்ததை ஏற்பது என்ற பொருள் இரண்டு இடத்திலும் இருக்கிறது. பலம், சொல்வது யார் என்பதைப் பொறுத்தது.

சரி, பையன் 'மாட்டேன்' என்றால்? பொதுவாக அந்தப் பேச்சை மதித்தே ஆக வேண்டும். அவனுக்கு நேரடியாகப் பலன் தரும் சிகிச்சை அந்த ஆய்வில் மட்டுமே கிடைக்கும் என்ற நிலையில், ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு விலக்கு உண்டு. அவன் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "இங்க ஒரு கையெழுத்துப் போடுடா" என்று நீங்களே வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். எத்தனை தடவை ரத்தம் எடுப்பார்கள், எப்போது வேண்டுமானாலும் விலகலாமா என்று அவனே மருத்துவரிடம் கேட்கட்டும். படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், ஆய்வு முடிவதற்குள் அவனுக்கு 18 ஆகிவிட்டால் உங்கள் கையெழுத்தை வைத்துத் தொடர முடியாது. அவனிடமே புதிதாகக் கன்சென்ட் வாங்க வேண்டும்.