கூடை வாங்கினால் போன உயிர் திரும்புமா?

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் ருவாண்டா நாட்டுக் கூடை ஒன்றை இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து வாங்கி வந்திருக்கிறாள். இனப்படுகொலையில் தப்பிய பெண்கள் முடைந்ததாம். சாவை வைத்துமா வியாபாரம்? கூடை வாங்கினால் போன உயிர் திரும்புமா?
— ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: திரும்பாது. முடைந்தவளும் அப்படிச் சொல்லி விற்கவில்லை. அவள் விற்றது கூடை.

அதைக் கையில் எடுத்துப் பார்த்தீர்களா? ‘அகசேகே’ என்பார்கள். மூடி கூம்பாக உயர்ந்து நிற்கும். புல்லைத் திரித்துச் சுருளாக வைத்து, அதன்மேல் சாயம் தோய்த்த கற்றாழை நாரை ஊசியால் இழுத்து இழுத்துச் சுற்றுவார்கள். கல்யாணச் சீரில் வைக்கிற பொருள், நம் செட்டிநாட்டுக் கொட்டான் மாதிரி. ருவாண்டாவின் அரசுச் சின்னத்திலேயே அதற்கு இடம் உண்டு.

1994 ஏப்ரலில் தொடங்கி நூறு நாளில் அங்கே சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் பெரும்பான்மை ஹூட்டு இனத்துத் தீவிரவாதிகள்; செத்தவர்களில் பெரும்பாலோர் சிறுபான்மைத் துட்சி இனத்தவர், கொலைக்கு உடன்படாத ஹூட்டுகளும் உண்டு. பிறகு இரண்டு சகோதரிகள் தொடங்கிய ‘கஹாயா லிங்க்ஸ்’ என்ற நிறுவனத்தில், கணவனைப் பறிகொடுத்தவளும், கொன்ற குற்றத்துக்காகக் கணவன் சிறையில் இருந்தவளும் ஒன்றாக உட்கார்ந்து கூடை முடைந்தார்கள். 2005 முதல் அமெரிக்காவின் மேசிஸ் கடைகளில் அவை விற்பனைக்கு வந்தன. அந்த இரண்டு பெண்களும் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்? எனக்குக் கற்பனை செய்ய வரவில்லை. சமாதானம் என்று அதற்குச் சட்டென்று பெயர் வைத்துவிடவும் மனம் ஒப்பவில்லை.

வியாபாரம் என்றதும் முகம் சுளிக்கிறீர்கள். அந்தக் கொலைக்குப் பின்னாலும் வியாபாரம் இருந்தது, ஐயா. 1992-இல் ருவாண்டா அரசு எகிப்திடம் 60 லட்சம் டாலருக்கு ஆயுதம் பேசியபோது, விலையில் ஒரு பகுதியைத் தேயிலையாகவே கொடுக்க ஒப்பந்தம். 1993-இல் வெட்டரிவாள்கள் லட்சக்கணக்கில் சீனாவிலிருந்து இறங்கின. அதற்கும் முன்னால், 1989-இல், காப்பி விலையைத் தாங்கிப் பிடித்திருந்த உலகக் காப்பி ஒப்பந்தம் முறிந்து விலை சரிந்தது; காப்பியை நம்பியிருந்த அந்த நாட்டு விவசாயி நொடித்துப் போனான். வறுமைதான் கொலை செய்தது என்று சொல்ல வரவில்லை. திட்டம் போட்டவர்கள், வானொலியில் துட்சிகளைக் கரப்பான்பூச்சி என்று ஏசியவர்கள் எல்லோரும் வயிறு நிறைந்தவர்கள்தான். ஆனால் வேலையற்று, நிலமற்றுத் திரிந்த பையன்களை ஆயுதக் கும்பலில் சேர்ப்பது அவர்களுக்குச் சுலபமாகிவிட்டது.

அதே காப்பிதான் பிறகு கைகொடுத்தது. மராபா என்ற ஊரில் 1999-இல் விவசாயிகள் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். விதவைகளும் அநாதைகளும் அதில் நிறைய. 2001-இல் பழத்தைக் கழுவிப் பதப்படுத்தும் நிலையம் வந்தது. தரம் உயர்ந்தது, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நல்ல விலைக்கு ஆள் வந்தார்கள். பரிதாபப்பட்டு ஒரு தடவை வாங்கலாம். அடுத்த பொட்டலம் ருசி இருந்தால்தான் விற்கும்.

உங்கள் மகளையும் சும்மா விடுவதற்கில்லை. கூடையோடு வந்த சீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். முடைந்த கூட்டுறவின் பெயர் இருக்கிறதா? அவர்கள் கைக்கு எவ்வளவு போகிறது என்று கடைக்காரரிடம் கேட்டாளா? ‘அமைதி’, ‘நம்பிக்கை’ என்று அச்சடித்திருப்பார்கள். ‘துட்சி’ என்ற சொல் எங்காவது இருக்கிறதா? செத்தவர் யாரென்றே சொல்லாத சீட்டு எந்த விழிப்புணர்வையும் கொண்டுவராது. அங்கே உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது.

விலை மட்டும் அதிகமில்லை. அப்படி ஒரு கூடை முடிய நாள்கணக்கில் ஆகும். உங்கள் ஊரில் சித்தாளுக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு?