வெல்டிங் ராடு இடைவெளியை அடைக்காது: பைப் வெல்டிங் கேள்வி-பதில்

ஒன்றரை இஞ்ச் பைப்புக்கு 38 மி.மீ. ஹோல்சா (வட்டமாக அறுக்கும் ரம்பம்) வாங்கினேன். வெட்டிய வாய் இன்னொரு பைப்பின் மேல் உட்காரவே மாட்டேன் என்கிறது. ஹோல்சா சரியில்லையா? – தங்கச்சிமடம்

ஹோல்சாவில் குறை இல்லை. ஒன்றரை இஞ்ச் என்பது பைப்பின் பெயர். வெளிவிட்டம் 48 மி.மீ. சொச்சம். ஒன்றேகால் 42, இரண்டு இஞ்ச் 60. கடைக்குப் போகும் முன் வெர்னியர் (விட்டமும் கனமும் அளக்கும் கருவி) வைத்து அளந்திருந்தால் காசு மிஞ்சியிருக்கும். அப்புறம், எந்தப் பைப்பின் மேல் உட்காரப் போகிறதோ அதன் வெளிவிட்டத்துக்குத்தான் ஹோல்சா வாங்க வேண்டும், வெட்டுகிற பைப்புக்கு அல்ல.

கிரைண்டர் மட்டும்தான் இருக்கிறது. இரண்டுமே ஒன்றரை இஞ்ச் மீடியம் (நடுத்தரக் கனம்) பைப். நேர்கோணத்தில் சேர்க்க எப்படிக் குறிப்பது? – கீழக்கரை

அளவோடு கேட்டிருக்கிறீர்கள், சந்தோஷம். நுனியை முதலில் நேராக வெட்டிக்கொள்ளுங்கள். 152 மி.மீ. நீளக் கெட்டிக் காகிதத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு 19. கோடுகளில் விளிம்பிலிருந்து வரிசையாக 0, 7, 12, 7, 0, 7, 12, 7 என்று இறக்கிப் புள்ளி வைத்து, வளைவாகச் சேர்த்துக் கத்தரியுங்கள். வெட்டப்போகும் பைப்பின் நுனியில் சுற்றிக் கோடு போடுங்கள். இது வெட்டும் பைப்பின் உள்விட்டத்தை வைத்துப் போட்ட கணக்கு; வெளிவிட்டத்தை வைத்துப் போட்டால் 12-க்குப் பதில் 24 வரும். அப்படி வெட்டினால் உள்விளிம்பு இடிக்கும். கோட்டை ஒட்டி வெட்டாமல் ஒரு மி.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தை அரைவட்ட அரத்தால் எடுங்கள்.

ஐந்தாறு மி.மீ. சந்து விழுந்தால் வெல்டிங் ராடுத் துண்டு வைத்து அடைத்து, மேலே பட்டி (பெயிண்டுக்கு முன் பூசும் பசை) பூசிவிடலாமா? பட்டறை அண்ணன் அப்படித்தான் சொல்லித் தந்தார். – மண்டபம்

கூடாது தம்பி. அண்ணன் சொன்னாலும் கூடாது. இந்தக் கேள்வி எத்தனை முறை வந்தாலும் இதே பதில்தான்.

உள்ளே வைக்கும் துண்டு முழுதாக உருகாது. அதைச் சுற்றிக் கசடு மாட்டிக்கொள்ளும். மேலே பளபளவென்று கிரைண்டிங் போட்டால் பிடித்திருந்த கொஞ்சநஞ்ச வெல்டும் தேய்ந்துபோகும். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊரில் இது எப்படியோ ஓடலாம். நம் கரையில் ஓடாது. உப்பு ஈரம் மயிரிழைச் சந்து கிடைத்தாலும் உள்ளே போய் உட்கார்ந்து, பைப்பை உள்ளிருந்து தின்னும். பட்டி பூசியிருப்பதால் வெளியே தெரியவும் தெரியாது. மண்டபத்துக்காரருக்கு இதைச் சொல்ல வேண்டுமா? இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று பார்க்க உங்கள் ஊரில்தானே ஆய்வு மையமே வைத்திருக்கிறார்கள்!

என் வீட்டு மாடிக் கைப்பிடியை ஒருவர் இப்படித்தான் அடைத்துக் கொடுத்தார். பெயிண்ட் அழகாக இருந்தது. இரண்டு மழைக்காலம் போனதும் என் மகள் சாய்ந்தபோது கைப்பிடியைத் தாங்கும் கம்பங்களில் ஒன்று கையோடு பெயர்ந்து வந்தது. நல்லவேளை, உள்பக்கமாக விழுந்தாள். வெட்டிப்பார்த்தேன்: பட்டிக்குக் கீழே மூன்று ஆணிகள், ஓரத்தில் மட்டும் வெல்ட்.

சந்து ஒரு மி.மீ., மிஞ்சினால் ஒன்றரை. அதற்கு மேல் என்றால் நுனியை மறுபடி வெட்டுங்கள். நீளம் போதாவிட்டால் அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டு வேறு துண்டு எடுங்கள்.

ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் வெல்டிங் போட்டால் ராத்திரி குளிர்க்காய்ச்சல் வருகிறது. பால் குடித்தால் போதுமா? – பாம்பன்

போதாது. அது துத்தநாகப் புகை. மூட்டின் இரு பக்கமும் இரண்டு மூன்று செ.மீ. பூச்சைத் தேய்த்தெடுங்கள். காற்று உங்கள் முதுகுப்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கட்டும், புகைக்குள் முகத்தை வைக்காதீர்கள். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி.

சாய்வாக வரும் பைப்பை எவ்வளவு வெட்டணும்? – தேவிபட்டினம்

எந்தப் பைப், எத்தனை டிகிரி, கனம் எவ்வளவு? வெர்னியர் வைத்து அளந்து எழுதுங்கள்.

கடலோர வீட்டுக்கு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 ரகம் போதுமா? – ஏர்வாடி

304 பழுப்புக்கறை பிடிக்கும். 316 வாங்குங்கள். இரும்பு அறுத்த டிஸ்க்கால் அதைத் தொடவே கூடாது. இரும்புத்தூள் ஒட்டி அங்கேயே துருப்பிடிக்கும்.

பைப்பில் செய்த வாசல் கேட்டை, பூச்சு ஏற்ற உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கக் கொடுக்கிறேன். எல்லா முனையையும் மூடி வெல்ட் செய்துவிட்டேன். சரிதானே? – தொண்டி

அனுப்பாதீர்கள். தொட்டி 450 டிகிரி. உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகிப் பைப் வெடிக்கும், அங்கே வேலை செய்பவர் மேல் உருகிய துத்தநாகம் தெறிக்கும். ஒவ்வொரு பைப்பிலும் இரு முனையருகே துளை போடுங்கள். துளை அளவைத் தொட்டிக்காரரிடம் கேட்டு, அதற்குப் பிறகு வண்டியில் ஏற்றுங்கள்.